மழையும் விருந்தினனும்

கொழும்புத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பலொன்று தரித்து நிற்கும் நாளில் மழை பெய்யுமாயின், இரு வகையான மக்கள் வானத்தை அண்ணாந்து பார்க்கின்றனர். காலையில் கரையிறங்கி மாலையில் மீண்டும் கப்பலேற வேண்டிய பயணிகள் ஒரு வகையினர். அவர்களை ஏற்றிய பஸ் வண்டி கிருலப்பனையைக் கடந்து ஹைலெவல் வீதி வழியே ஊர்கிறது. கண்ணாடிக்கு அப்பால் நீர்த்திரை. நீர்த்திரைக்கு அப்பால் உருவம் தெளியாத கடைகளும் குடைகளும். பயணத்துக்கென ஒதுக்கப்பட்ட எட்டு மணி நேரத்தில் மூன்று மணி நேரம் ஏற்கெனவே கரைந்துவிட்டது. அதே வேளையில், அவ்வீதிக்குச் சற்று அப்பால், கிருலப்பனைக் கால்வாயின் ஓரத்தில் தாழ்ந்த நிலத்தில் குடியிருப்போரும் வானத்தைப் பார்க்கின்றனர். அவர்களுடைய கண் வானத்திலிருந்து கால்வாயின் நீர்மட்டத்துக்கும், அங்கிருந்து தம் வீட்டு வாசற்படிக்கும் இறங்குகிறது. பயணிக்கு ஒரு பகல் கெட்டுவிட்டது. குடியிருப்போனுக்கு அன்றைய இரவு கெடக்கூடும். பெய்வது ஒரே மழைதான்.

இக்காட்சியில் எவரும் குற்றவாளி அல்லர். பயணி மழையை வருவிக்கவில்லை; கால்வாயோரத்தில் வாழ்பவனுடைய இடரை அவன் அறியவும் இல்லை. ஆயினும் இக்காட்சி ஓர் அறவியல் வினாவைத் தன்னுள் அடக்கியிருக்கின்றது. வந்து போகின்றவன், தான் வந்த இடத்துக்கு ஏதேனும் கடமைப்பட்டவனா? வந்தான், கண்டான், விலை கொடுத்தான், சென்றான் என்பதோடு அவனுடைய கணக்குத் தீர்ந்துவிடுகின்றதா? அல்லது விலையால் தீராத மிச்சம் ஒன்று எஞ்சி நிற்கின்றதா?

இலங்கையைப் பொறுத்தவரை இவ்வினா புறத்தேயிருந்து வந்த வினாவன்று. 1869 இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டமையும், 1875 இல் கொழும்பில் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டமையும் இந்நகரைக் கீழைக் கடற்பாதையின் பெருந்துறைகளுள் ஒன்றாக்கின. அன்று முதல், கப்பலின் மேற்றளத்தில் நின்று நோக்கிய எண்ணற்றோருக்கு இலங்கையே அந்தத் தொலைதூர வெப்பமண்டலத் தீவாக இருந்தது. அண்மைக் காலத்திலும் 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பலொன்று அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டது. பார்க்கப்படும் தீவில் வாழ்வோர், பார்ப்பவனின் கடமை யாது எனக் கேட்பது இயல்பேயாகும்.

கப்பல் வழியில் ஒரு தீவிலே தங்குதலும், அங்கு ஒருவன் ஒரு நாள் கரையிறங்குதலும் தமிழிலக்கியத்துக்குப் புதியன அல்ல. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில், பாத்திர மரபு கூறிய காதையிலே அத்தகைய நிகழ்ச்சியொன்று சொல்லப்படுகின்றது. அதன் நாயகன் ஆபுத்திரன். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருந்தது. பாண்டி நாட்டில் அதனைக் கொண்டு பசித்தோர்க்கெல்லாம் அவன் உணவளித்தான். இந்திரன் வரமளிக்க முன்வந்தபோது அவனை எள்ளி நகையாடினான். சினமுற்ற இந்திரன் அவனைத் தண்டித்த முறைதான் வியப்புக்குரியது: பன்னீராண்டு மழை வளமிழந்து கிடந்த அந்நாட்டில் மழையைப் பொழிவித்தான். நாடு செழித்தது, பசித்தவர் இல்லாதொழிந்தனர், ஆபுத்திரனைத் தேடி வருவாரும் இல்லாதொழிந்தனர். நாட்டுக்கு வாழ்வாக வந்த மழை அவனொருவனுக்கு மட்டும் இழப்பாக முடிந்தது.

இவ்விடத்தில் ஆபுத்திரனின் பெருமையைக் காணலாம். தன் கைப்பாத்திரம் பயனற்றுப் போயிற்றே என்பதற்காக அவன் அந்த மழையை நொந்துகொள்ளவில்லை. பசித்தோரைத் தேடி அலைந்தான். கப்பலிலிருந்து வந்திறங்கியோர், சாவக நாட்டில் மழை பொய்த்து உயிர்கள் மடிகின்றன என்று கூறக் கேட்டு, அவர்களுடன் கப்பலேறினான். இடைவழியில் காற்று மிகுந்து கடல் கலங்கியமையால் கப்பல் பாயிறக்கி மணிபல்லவத் தீவில் ஒரு நாள் தங்கியது. ஆபுத்திரன் கரையிறங்கினான். இறங்கியவன் ஏறிவிட்டான் என்று எண்ணிய மாலுமிகள் இருளிலே கப்பலைச் செலுத்திச் சென்றுவிட்டனர். மக்கள் வழக்கமற்ற அத்தீவில், குறையாத உணவோடும் உண்பதற்கு ஒருவருமில்லாத நிலையோடும் அவன் தனித்து நின்றான். தன் பசியை மட்டும் தீர்த்துக்கொண்டு வாழ அவன் மனம் ஒப்பவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

மணிபல்லவம் இன்றைய நயினாதீவே என்று கருதும் அறிஞர் உளர்; உடன்படாதவரும் உளர். அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டுவதன்று. கதையிலே பொதிந்துள்ள கருத்தே நோக்கற்பாலது. மனித அரவமற்ற தீவு, தடையற்ற கடற்கரை, குறைவிலாத உணவு ஆகியனவே இன்றைய உல்லாசப் பயண விளம்பரங்கள் விற்பனைக்கு வைக்கும் பேரின்பம். அப்பேரின்பம் முழுவதும் ஆபுத்திரனுக்குக் கிடைத்தது. அதுவே அவனுக்குச் சாவுமாயிற்று. தன்னிடமுள்ளதை ஏற்பதற்கு இன்னொரு மனிதன் இல்லாத இடம் எத்துணை அழகுடையதாயினும் வாழத் தகுந்ததன்று என்பது அவன் கண்ட உண்மை. ஆளில்லாத் தீவை நாடுபவனுக்கும், ஆளுள்ள தீவுக்கு வந்தும் அங்குள்ள ஆட்களைக் காணாதவனுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறுகியது.

காணுதல் என்பது கண்ணின் தொழில் மட்டுமன்று. இதற்கு ரஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவின் வாழ்வே சான்று பகரும். அவர் 1890 ஆம் ஆண்டில் இரு தீவுகளுக்குச் சென்றார். முதலாவது ரஷ்யப் பேரரசின் கைதிகள் நாடுகடத்தப்பட்ட சகலின் தீவு. அங்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் தங்கி, குடியிருப்புக் குடியிருப்பாகச் சென்று, ஏறக்குறையப் பத்தாயிரம் அட்டைகளில் அங்கு வாழ்ந்தோரின் விவரங்களைப் பதிந்தார். பெயர், வயது, குடும்ப நிலை, தொழில் என ஒவ்வொருவரும் ஒரு தனி மனிதராக அவருடைய அட்டைகளில் இடம்பெற்றனர். இரண்டாவது தீவு இலங்கை. ரஷ்யாவுக்குக் கடல் வழியாகத் திரும்புகையில், நவம்பரில், கொழும்பில் இறங்கிய அவர் கண்டிக்கும் சென்று சில நாட்களில் மீண்டும் கப்பலேறினார். சகலினை நரகமெனவும் இலங்கையைச் சுவர்க்கமெனவும் தம் கடிதங்களில் வருணித்தார். தென்னஞ்சோலைகளையும் வெண்கல நிற மேனியரான பெண்களையும் கண்டு களித்ததாகவும் எழுதினார்.

சகலினில் கைதியின் பெயரைக் கேட்டறிந்த அதே கண்கள் இலங்கையில் மனிதரைச் சோலைகளோடு சோலைகளாகக் கண்டன. அவர் கண்டிக்குச் சென்ற புகையிரதப் பாதை, மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கென்று அமைக்கப்பட்டு 1867 இல் கண்டியை எட்டியது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை வீழ்த்த, செக்கோவ் வந்த காலத்தில் அதனிடத்தில் தேயிலை பரவிக்கொண்டிருந்தது. அத்தோட்டங்களில் உழைத்தோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். அவர்களுடைய லயன் அறைகளுக்குச் சென்று அட்டைகள் நிரப்பப்பட்டிருப்பின், சுவர்க்கம் என்ற சொல் அவருடைய பேனாவிலிருந்து அத்துணை எளிதாக வந்திராது.

இதனாலே செக்கோவைக் குறைத்து மதிப்பிடுதல் அறமாகாது. அவர் நோயாளி, நெடும் பயணத்தால் களைத்திருந்தவர், கண்ட துயரங்களிலிருந்து சற்றே இளைப்பாற விரும்பியவர். அவரை எடுத்துக்காட்டியதன் நோக்கம் வேறு. மனித நேயத்துக்குப் பேர்பெற்ற ஒருவரே ஒரு தீவில் சாட்சியாகவும் மறு தீவில் பார்வையாளராகவும் இருந்தார் எனின், இவ்வேறுபாடு நல்லவருக்கும் தீயவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு அன்று என்பது பெறப்படும். அது வினவியவனுக்கும் வினவாதவனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு. சகலினில் அவர் வினவினார். இலங்கையில் வினவுவதற்கு அவருக்கு நேரமில்லை. நேரமின்மை என்பதே உல்லாசப் பயணத்தின் அமைப்பு விதி.

இனி மழைக்கு மீள்வோம் எனின், மழையே இவ்வினாவுக்கு உரைகல்லாக அமைகின்றது. வெயில் நாளிலே பயணியின் விருப்பமும் ஊரவனின் விருப்பமும் முரண்படுவது வெளிப்படையாகத் தோன்றுவதில்லை. மழை நாளிலேதான் அது வெளிப்படுகின்றது. இதற்கு நெடுந்தீவைக் காட்டிலும் சிறந்த உதாரணம் இலங்கையில் அரிது. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் அமைந்த அத்தீவுக்குக் குறிகட்டுவான் துறையிலிருந்து படகிற் செல்ல ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். ஒல்லாந்தர் தம் ஊரொன்றின் பெயரை அதற்குச் சூட்டினர். கட்டாக்காலிக் குதிரைகள், பெருக்குமரம், முருகைக்கல் வேலிகள், பழைய கோட்டையின் சிதைவு ஆகியவற்றைக் காண இன்று பலரும் அங்கு செல்கின்றனர்.

அத்தீவில் ஆறு இல்லை. சுண்ணக்கல் நிலத்தின் அடியில் உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலமே கிணறுகளுக்கு ஊற்று. மழை பெய்தால் அப்படலம் தடிக்கும். மழை பொய்த்தாலோ, அளவுக்கு மிஞ்சி இறைத்தாலோ உவர்நீர் மேலெழும். கோடை கடுமையாகும்போது குதிரைகள் நீரின்றி மடிவதும் உண்டு. எனவே வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி, கார்த்திகையில் வரும் மழை தீவாருக்கு ஓராண்டின் குடிநீர். அம்மழையில் நனைந்து, படம் எடுக்க முடியவில்லையே எனச் சலித்துக்கொள்ளும் பயணி, தான் அருந்தும் தேநீரும் சென்ற ஆண்டில் எவரோ ஒருவருடைய பயணத்தைக் கெடுத்த மழைதான் என்பதை நினைப்பதில்லை. அன்ரிகுவாத் தீவிலே பிறந்த எழுத்தாளர் ஜமெய்க்கா கின்கெய்ட் 1988 இல் வெளியிட்ட 'ஒரு சிறிய இடம்' என்ற நூலில் இக்கருத்தையே தம் தீவின் அனுபவத்திலிருந்து கடுமையாக எடுத்துரைத்தார். மேகமற்ற வானத்தை வாழ்த்தும் பயணிக்கு, அவ்வானத்தின் கீழே நீரின்றி ஆண்டு முழுவதும் வாழ்வோரின் நினைவு எழுவதில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு.

ஆயின் மழையை வெறும் வரமாகப் போற்றிவிடுதலும் பொய்யாகும். அதுவும் தொலைவிலிருந்து பார்ப்பவனின் கற்பனையே. நெடுந்தீவில் கிணறு நிறைக்கும் அதே பருவம் கடலையும் கொந்தளிக்கச் செய்கின்றது. படகு ஓடாத நாளில் நோயாளியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லல் இடராகின்றது. கிருலப்பனையிற் கால்வாயோரம் வாழ்பவனுக்கு அடைமழை அச்சமேயன்றி வாழ்த்தன்று. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின் வெள்ளமும் மண்சரிவும் இந்நாட்டிற் பல நூறு உயிர்களைக் கொண்டுபோயின. ஆகவே, மழை நல்லது, பயணி அதனை விரும்ப வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபன்று. மழை நல்லதா தீயதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை, அம்மழையின் விளைவோடு மறுநாளும் வாழ வேண்டியவனுக்கே முதலில் உண்டு என்பதே முடிபு. மறுநாள் அங்கிராதவன் தன் ஒரு நாளை அளவுகோலாக்கி அந்நிலத்தின் மழையை அளக்கலாகாது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். நெடுநாள் உழைத்துச் சேமித்த பணத்திலே ஒரு பயணம் மேற்கொண்டவன், மழையால் அது கெட்டதென்று வருந்துவதும் குற்றமா? வருந்துவதற்கும் அனுமதி வேண்டுமா? இத்தடை நியாயமானது. இதற்கு விடை காண, ஏமாற்றத்துக்கும் முறைப்பாட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உணர்தல் வேண்டும். ஏமாற்றம் ஓர் உணர்ச்சி. அதற்கு எவரும் பொறுப்பாளியல்லர். அது எவரையும் குற்றஞ் சாட்டுவதும் இல்லை. முறைப்பாடோ ஓர் உரிமைக் கோரிக்கை. யாரோ தனக்கு ஒன்றைக் கடன்பட்டிருந்தனர், அதைத் தரவில்லை என்ற எண்ணம் அதனுள் இருக்கின்றது. மழையில் நனைந்தவன் ஏமாற்றமடைதல் இயற்கை. 'இந்தத் தீவு எனக்கு வெயிலைத் தந்திருக்க வேண்டும்' என்று அவன் முறையிடும்போது, ஒரு நிலத்தையும் அதன் மக்களையும் தான் விலைக்கு வாங்கிய பண்டமாக மாற்றிவிடுகின்றான். பயணச்சீட்டிலே படகுக்கும் உணவுக்கும் வழிகாட்டிக்கும் விலையுண்டு. பருவத்துக்கும் மக்களின் இன்முகத்துக்கும் அதில் விலையிருக்க முடியாது.

இரண்டாவது தடை இதனினும் வலியது. வருபவன் பணம் கொண்டு வருகின்றான். அப்பணத்தால் முச்சக்கர வண்டிக்காரரும் படகோட்டியும் இளநீர் விற்பவரும் பிழைக்கின்றனர். அற ஆராய்ச்சி அவர்களுடைய அடுப்பை எரிக்காது என்பது அத்தடை. இதனை ஆராய ஹெயிற்றி நாட்டு நிகழ்ச்சியொன்று துணைபுரியும். 2010 ஜனவரி 12 ஆம் திகதி அந்நாட்டின் தலைநகர்ப் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் அழித்தது. மூன்று நாட்களின் பின்னர், அந்நாட்டின் வடகரையில் வேலியிடப்பட்டுக் கப்பல் பயணிகளுக்கென ஒதுக்கப்பட்ட லபாடிக் கடற்கரையில் உல்லாசக் கப்பலொன்று வழமைபோல வந்து நின்றது. பயணிகளிற் சிலர் கரையிறங்கிக் கடலாடினர். பிணங்கள் எடுக்கப்பட்டு முடியாத நாட்டிலே களித்திருக்க மனமின்றி வேறு சிலர் கப்பலிலேயே தங்கினர். கப்பல் நிவாரணப் பொருள்களையும் கொண்டுவந்தது. அது வராதிருப்பின் அக்கரையிலே தொழில் புரிவோர் கூலியையும் இழந்திருப்பர் என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. உலகெங்கும் அது விவாதிக்கப்பட்டது.

இருவரில் எவர் சரி? கப்பலில் தங்கியவர் தம் மனச்சாட்சியைக் காப்பாற்றினர். ஆயின் அதனால் ஹெயிற்றி மக்களுக்கு ஒரு பயனும் விளையவில்லை. கரையிறங்கியவர் சிறிதளவேனும் கூலிக்கு வழிசெய்தனர். ஆயின் வேலிக்கு அப்பால் நாடு அழுதுகொண்டிருக்க, வேலிக்கு இப்பால் அழுகை கேட்காதது போல இருந்தனர். பயன் நோக்கி எண்ணினால் வருதல் நன்று. மதிப்பை நோக்கி எண்ணினால் வாராமை நன்று என்று தோன்றும். ஆனால் உண்மையான இடர் வருதலிலும் இல்லை, வாராமையிலும் இல்லை. அது அந்த வேலியில் இருக்கின்றது. வருபவன் தன் வரவால் ஊருக்குப் பயன் விளைகிறது என்று சொல்லிக்கொள்ள விரும்பினால், அந்த ஊரைக் காணவும் உடன்பட வேண்டும். பணத்தைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்பவன் கொடுத்தது கூலியாகலாம், உறவாகாது.

ஜேர்மனியத் தத்துவஞானி இம்மானுவேல் கான்ற் 1795 இல் எழுதிய நிலையான சமாதானம் பற்றிய நூலில், அந்நிய நிலத்துக்கு வருபவனின் உரிமையை ஆராய்ந்தார். பூமி உருண்டையாதலின் மனிதர் முடிவின்றிப் பரந்து செல்ல இயலாது. ஈற்றில் ஒருவரையொருவர் அருகில் வைத்துப் பொறுத்தே ஆகவேண்டும். எனவே எவனும் பிறர் நிலத்துக்கு அமைதியாக வந்து காணும் உரிமை உடையவன். வந்த காரணத்தால் அவன் பகைவனாக நடத்தப்படலாகாது. ஆனால் அது வந்து காணும் உரிமையே. விருந்தினனாகத் தங்கும் உரிமையன்று. அக்காலத்து ஐரோப்பிய வணிக அரசுகள் பிற நிலங்களுக்குச் செல்லுதலை அவற்றை வெல்லுதலாகவே கருதின என்றும், அங்கு வாழ்ந்தோரை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்றும் கான்ற் கண்டித்தார். பிறந்த ஊரை விட்டு நெடுந்தூரம் செல்லாத ஒருவர் பயணத்தின் அறத்தை இத்துணைத் தெளிவாகக் கண்டது சிந்தனைக்குரியது.

தமிழ் மரபு இவ்வினாவை மறுபுறத்திலிருந்து நோக்கியது. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். முன்பின் அறியாத புதியவனே விருந்தினன். திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் உண்டு. அது இல்லத்தானின் கடமையைக் கூறுகின்றது. வந்தவனின் கடமைக்கு அங்கு தனி அதிகாரம் இல்லை. பழைய உலகில் வந்தவன் வலியற்றவன். உணவும் உறையுளும் இன்றி வாயிலில் நின்றவன். ஆகவே அறநூல் அவன் பக்கம் நின்றது என இதற்குக் காரணம் கூறலாம். இன்று நிலைமை தலைகீழாக மாறியிருக்கின்றது. வருபவன் வலியவன், அவனுடைய ஒரு நாட் செலவு ஏற்பவனின் ஒரு மாத வருவாயாக இருக்கக்கூடும். வலிமை இடம் மாறும்போது கடமையும் இடம் மாறுதல் வேண்டும். விருந்தோம்பலுக்கு இணையாக, விருந்தாக வந்திருத்தல் என்னும் அறமும் இக்காலத்துக்கு வேண்டப்படுகின்றது.

இவ்வளவையும் மேலைநாட்டுக் கப்பற் பயணியை நோக்கிய குற்றப்பத்திரிகையாகக் கொள்பவர், அதன் மறுபக்கத்தையும் நோக்குதல் தகும். கிருலப்பனையிலோ வெள்ளவத்தையிலோ வாழும் தமிழ் இளைஞர் கூட்டமொன்று விடுமுறையில் நெடுந்தீவுக்குச் செல்கின்றது எனக் கொள்வோம். மொழி ஒன்று, உணவு ஒன்று, பலருக்கு வேரும் அந்தப் பக்கத்திலேயே இருக்கக்கூடும். ஆயினும் காலைப் படகில் வந்து மாலைப் படகில் மீள்பவரின் அவசரம் அவர்களுக்கும் உண்டு. மழை வந்தால் அவர்களும் முகம் சுளிக்கின்றனர். 1985 மே 15 ஆம் திகதி அக்கடலில் குமுதினிப் படகிற் சென்ற பயணிகள், பெண்களும் சிறுவரும் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டனர். அக்கடலைக் கடக்கும்போது படகின் ஓரத்தில் அமைதியாக அமர்ந்திருக்கும் முதியவளுக்கு அலைகள் எதை நினைவூட்டுகின்றன என்பது, அவளுக்கு முன்னே நின்று படம் எடுத்துக்கொள்பவர்க்குத் தெரியாதிருக்கலாம். ஆகவே கப்பற் பயணி என்பது ஓர் இனத்தின் பெயரன்று. ஒரு நாட்டவரின் பெயரும் அன்று. பிறரின் வாழ்விடத்தைத் தன் ஒரு நாளுக்கான பின்னணித் திரையாக்கும் எவனுக்கும் அது பொருந்தும். காலையிற் கிருலப்பனையில் பஸ்ஸுக்குள்ளிருந்து நோக்கிய அந்நியனால் காணப்படாதவன், மறுவாரம் இன்னொரு தீவிலே தானும் காணாதவனாகக் கூடும்.

அவ்வாறாயின் வந்தவனின் கடமைதான் யாது? அது பெரிய தியாகமன்று. செக்கோவின் பத்தாயிரம் அட்டைகளை எவரும் அவனிடம் எதிர்பார்க்கவில்லை. ஒரு பகற்பொழுதில் ஓர் ஊரை அறிந்துவிட முடியாது. அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வதைக் காட்டிலும் அறியவில்லை என்று உணர்ந்திருத்தல் நேர்மையானது. ஆனால் வினவுதல் அவனால் இயலும். 'எப்போது மழை விடும்?' என்று வழிகாட்டியைக் கேட்பவன், அதே மூச்சில் 'இந்த மழை உங்களுக்குப் போதுமா?' என்றும் கேட்கலாம். இரண்டாவது வினாவுக்குச் செலவாகும் நேரம் மிகச் சிறிது. அதனால் விளையும் மாற்றமோ பெரிது. முதல் வினாவில் தீவு பயணியைச் சுற்றி இயங்குகின்றது. இரண்டாவதில் பயணி தீவைச் சுற்றி ஒரு கணம் இயங்குகின்றான். நீர் அரிதான இடத்தில் ஒரு வாளி நீரைக் குறைத்தலும், துயருற்றவரின் முகத்தைப் படம் பிடியாது விடுதலும், மழையால் கெட்ட பயணத்துக்காகப் படகோட்டியின் கூலியைக் குறைக்காதிருத்தலும் அவ்வினாவிலிருந்து தாமே பிறக்கும் ஒழுக்கங்கள்.

ஆபுத்திரன் கரையிறங்கிய நாளிலும் கடல் கலங்கியிருந்தது. அவனுடைய கப்பல் அவனை விட்டுச் சென்றது ஒரு தற்செயல். ஆனால் அவன் எதற்காகக் கப்பலேறினான் என்பது தற்செயலன்று. ஓரிடத்தில் மழை பெய்தது என்பதையும், இன்னோரிடத்தில் மழை பொய்த்தது என்பதையும் கேட்டறிந்தவன் அவன். தனக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கொண்டு அவன் மழையை அளக்கவில்லை. பசித்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கொண்டே அளந்தான். பயணியர் எல்லோரும் ஆபுத்திரர் ஆக இயலாது. அமுதசுரபியும் எல்லோர் கையிலும் இல்லை. எனினும் அந்த அளவுகோல் எவர் கையிலும் இருக்கக்கூடியதே.

மாலையில் கொழும்புத் துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்படுகின்றது. நனைந்த உடைகளை உலர்த்தியபடி, அந்நாள் வீணாயிற்று என்று பயணி நாட்குறிப்பில் எழுதக்கூடும். கிருலப்பனையில் மழை விட்டிருக்கின்றது. கால்வாயின் நீர் இன்னும் வடியவில்லை. வாசலில் நிற்பவன் படிக்கட்டைப் பார்க்கின்றான். ஒரு படி மிஞ்சியிருக்கின்றது. அந்த ஒரு படி எவருடைய நாட்குறிப்பிலும் இடம்பெறாது போகலாம். அதனையும் சேர்த்து எழுதத் தெரிந்தவனே, அன்று அந்தத் தீவுக்கு வந்திருந்தான் என்று சொல்லத் தகுந்தவன்.